ஈரக் கையோடு ஃபிளாஷைத் தொடாதே

வேலு,

நேற்றுக் காலை களமருதூரிலிருந்து உன் மாமன் போன் செய்தான். மழை பெய்ததா, நெல்லை எப்போது அறுப்பது, முழங்கால் வலிக்கு யாரைப் பார்ப்பது என்று ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான். நீ கோயம்புத்தூரில் கம்பெனி வேலையை விடப்போகிறாயாம். இனிமேல் முழுநேரமும் கல்யாணப் படம்தானாம். நம் போட்டோக் கடையில் சும்மா கிடக்கிற பழைய ஃபிளாஷ்கள் உனக்கு வேண்டுமாம். "குடுக்க மனசு இல்லன்னா பரவால்ல, கெஞ்சிக்கினு நிக்க முடியாதுன்னு சொல்லிட்டான் மாமா" என்றான். அந்தப் பேச்சு உன்னுடையதுதான். உன் மாமனுக்கு அப்படிக் குத்திப் பேச வராது, அவன் அக்காவான உன் அம்மாவுக்கும் வந்ததில்லை. அது என்னிடமிருந்து உனக்கு வந்தது. பெற்ற அப்பனிடம் ஒரு சாமானைக் கேட்க நடுவில் ஆள் வைக்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று போனை வைத்துவிட்டுக் கடைக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஃபிளாஷ்களைக் கொடுக்கிறேன். அதில் எனக்கு ஒரு யோசனையும் இல்லை. ஆனால் அவற்றை உன் கேமரா தலையில் மாட்டுவதற்கு முன் இதைக் கடைசி வரை படித்துவிடு. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், உன் குரல் கேட்டதும் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கத்துவேன். இது உனக்குத் தெரியாத கதையில்லை. எழுதினால் கத்த முடியாது, அந்த மட்டுக்கும் நல்லது.

உன் அம்மா போன அன்று நடந்ததைத் தெருவே பார்த்தது. நீ பார்த்த பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து அவளை எடுத்து, நீ சுமந்து வந்த தண்ணீரில் குளிப்பாட்டி, உன் மாமன் கொண்டு வந்த கோடிப் புடவையைச் சுற்றி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தூக்குவதற்கு முன்னால் பிள்ளைகளும் உறவும் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பது நம் பக்கத்து வழக்கம். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எத்தனை வாசலில் அந்தப் படத்தை எடுத்தவன் நான். மாலையைச் சரி செய்யுங்கள், பேரப்பிள்ளையை முன்னால் விடுங்கள் என்று அழுகிறவர்களை அதட்டி வரிசையாக நிற்க வைத்திருக்கிறேன். என் வாசலில் அந்த நாற்காலியைப் போட்டபோது நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யார் எடுப்பது என்று யாரோ கேட்டார்கள். நான் எடுக்கிறேன் என்று நீ சொன்னாய்.

அந்தப் படம் உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? அன்று காலையில் அஞ்சலி பேனர் அடிக்க அவள் படம் வேண்டுமென்று உன் மாமன் கேட்டான். நீயும் நானும் கடையைத் தலைகீழாகப் புரட்டினோம். இந்த ஊர் மாப்பிள்ளைகளும் பெண்களும் மொத்தமாக இருக்கிறார்கள், அவள் மட்டும் இல்லை. எனக்குப் பக்கவாட்டில் ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதே அவள் வேலை. ஒரு விரல் படத்துக்குள் வந்தாலும் தள்ளு தள்ளு என்று விரட்டியவன் நான். அந்தப் பழக்கத்தில் யாராவது செல்போனைத் தூக்கினால்கூடத் தானாக ஓரம் போய்விடுவாள். உன் போனில் இருந்த ஒன்றிரண்டிலும் பாதி முகம், அடுப்பைப் பார்த்துத் திரும்பிய முகம். கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி அடித்தோம். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவன் பெண்டாட்டிக்கு ஆதார் படம். அந்தப் பேனரைக் கட்டியபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாய், நான் பார்த்தேன்.

வாசலில் நீலமும் சிவப்புமாகச் சாமியானா போட்டிருந்தார்கள். மத்தியான வெயிலில் துணியின் நிறம் அவள் முகத்தில் இறங்கியிருந்தது. ஃபிளாஷ் போடாமல் எடுத்தால் முகம் நீலமாக வரும் என்று நீ நினைத்தது சரி. தொழில் தெரிந்தவன் அப்படித்தான் நினைப்பான். உன் புது ஃபிளாஷ் கோயம்புத்தூரில் இருந்தது. அதனால் உள்ளே போய் அலமாரியின் மேல்தட்டில் கிடந்த அம்மாவின் ஃபிளாஷை எடுத்து, என் மேசை டிராயரில் இருந்த பேட்டரி செல்லைப் போட்டு, பொத்தானைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாய். தண்ணீர்க் குடம் சுமந்து வந்த ஈர வேட்டியை நீ மாற்றவில்லை. தலையிலிருந்து கைக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த ஃபிளாஷ் சார்ஜ் ஏறுகிற கீச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நான் எப்போதோ சுற்றி வைத்த டேப் காய்ந்து உரிந்து தொங்குகிறது, உடைந்த இடம் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது, அதற்கு நேராக உன் ஈர விரல் இருக்கிறது.

ஓடி வந்து உன் மணிக்கட்டில் அடித்தேன். ஃபிளாஷ் நாற்காலிக் காலடியில் விழுந்து சிதறியது. கேமரா உன் கழுத்தில் தொங்கி ஆடியது. போடா அந்தப் பக்கம் என்று நான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நீ கத்தவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாய்.

"அம்மா இங்க உக்காந்துக்கினு இருக்குது. உனுக்கு இந்த டப்பா மேலதான் உசுரு இல்லப்பா?"

பெண்டாட்டி போன அன்றைக்கும் இந்த ஆளுக்குச் சாமான் மேல்தான் கண் என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. யாரோ ஒரு பையன் எங்கள் சண்டையைப் படம் பிடிக்கச் செல்போனைத் தூக்கினான், உன் மாமன் அவனை அடச்சீ என்று அதட்டி வைத்தான். நேரமாகிறது, தூக்குங்கள் என்றார்கள், தூக்கிவிட்டார்கள். படம் எடுக்கவில்லை. நீ கொள்ளி வைத்தாய், மொட்டை போட்டாய், கருமாதி வரை என் முகத்தைப் பார்க்காமல் எல்லாம் செய்தாய். காரியம் முடிந்த அன்றே சின்னசேலத்துக்குப் போய் ரயில் ஏறிவிட்டாய்.

டப்பா உடைந்துவிடும் என்று நான் அடிக்கவில்லையடா. நீ செத்துவிடுவாய் என்று அடித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் காலடியில் நீயும் விழுந்து கிடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்ல வேண்டுமானால் மலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நீ அப்போது விடுதியில் தங்கிப் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கல்யாணம். ஜீப் போகிற வரை போய்விட்டு, மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து நடந்தோம். முதல் நாள் மழையில் வழியில் இருந்த ஓடையில் தண்ணீர் வந்திருந்தது. மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டுவதை எடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. மரத்தடி இருட்டு, ஃபிளாஷ் இல்லாமல் வராது. அவளைத் தண்ணீருக்குள் இறக்கி, பாறைமேல் நின்று லைட்டைத் தூக்கிப் பிடி என்றேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். கல்யாண வேலைகளில் அவளுக்கு அதுதான் பிடித்தது, என் ஆட்டத்துக்கெல்லாம் ஆடுவது.

பாசியில் கால் வழுக்கியது. ஃபிளாஷ் பாறையில் மோதி ஓரம் பிளந்தது. விழுந்த வேகத்தில், அது ஓடையில் போய்விடக் கூடாதே என்று ஈரக் கையால் அள்ளிப் பிடித்தாள். சத்தம்கூடப் போடவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்தாள். கண் திறந்திருந்தது, அதில் பார்வை இல்லை. விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. நான் கேமராவை எங்கே போட்டேன் என்று தெரியாது, அவளை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளையும் அவன் ஆட்களும் கரையில் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தார்கள். எவ்வளவு நேரமோ, பிறகு ஒரு மூச்சை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா அப்பிடி பாக்கறீங்க? மாப்ள தாண்டிட்டாரா?"

அன்று நான் அழுததைப் பார்த்து அவள் சிரித்தாள். கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினோம், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஜீப்பில் வரும்போதுதான் கையைப் பிடித்தாள். "பையங்கிட்ட சொல்லாதீங்க. பயந்துக்கினு கேமராவத் தொடாமலே போயிடுவான். அவனுக்கு இது நல்லா வரும்" என்றாள். நீ இப்போது கேமராவையே தொழிலாக்கிக்கொண்டதால்தான் அந்தச் சத்தியத்தை மீறுகிறேன். அதற்குப் பிறகு அவள் வலது சுண்டுவிரலுக்குச் சூடு சரியாகத் தெரியாமல் போனது. தோசைக் கல்லில் அடிக்கடி சுட்டுக்கொள்வாளே, கவனமில்லாமல் வேலை செய்கிறாள் என்று நீ கேலி செய்வாயே, அது இதுதான். அவள் போனதற்கு அதுதான் காரணமா என்று நான் வெட்கத்தை விட்டு டாக்டரிடம் கேட்டேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததற்கும் பழைய ஷாக்குக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார். அவர் சொல்வதை நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய?

நான் அந்த ஃபிளாஷை அன்றே தூக்கி எறிந்திருக்க வேண்டும். செல்லை எடுத்துவிட்டு, டேப் சுற்றி, மேல்தட்டில் போட்டதோடு விட்டேன். அவள்தான் இருக்கட்டும் என்றாள், அது அவளோடு மலை ஏறிய சாமானாம். நானும் இருக்கட்டும் என்று விட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போதாவது தெரிந்துகொள். ஃபேனில் இருக்கிற மாதிரி எந்த ஃபிளாஷுக்குள்ளும் ஒரு கண்டன்சர் இருக்கும். உன் நாலு செல்லின் ஆறு வோல்ட்டை வாங்கி முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஏற்றி அதில்தான் தேக்கி வைக்கும். செல்லைக் கழற்றிவிட்டாலும் அது உடனே இறங்காது. பல மணி நேரம், சிலதில் நாள் கணக்கில்கூட நிற்கும். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் ஃபிளாஷைத் திருகிப் பிரிக்காதே, எப்படிப் பிரிப்பது என்று எவன் வீடியோ போட்டிருந்தாலும் சரி. விழுந்து பிளந்த ஃபிளாஷில் செல் போடவே போடாதே. டேப் சுற்றினால் போதும் என்பது உன் அப்பன் செய்த முட்டாள்தனம், உனக்கும் வேண்டாம். மழையில், வியர்வையில், மண்டபத்துப் பன்னீரில் நனைந்த கையால் தொடாதே. பெட்டியில் வைக்கும் முன் அணைத்துவிட்டு, சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்தி உள்ளே நிற்பதை வெளியேற்றிவிட்டுச் செல்லைக் கழற்று. செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து பச்சை பூத்துவிடும்.

ஈரம் என்றதும் ஆயுத பூஜை நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வருஷமும் எனக்கும் அவளுக்கும் அன்றைக்குச் சண்டை. கேமரா, ஸ்டாண்டு, லைட்டு எல்லாவற்றுக்கும் சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைப்பாள். வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவள் ஃபிளாஷைக் கவிழ்த்து வைத்து, கேமராவில் சொருகுகிற அடிப்பாகத்தில், அந்த நடு ஊசிமேலேயே கொழகொழவென்று வைப்பாள். அதுதான் உழைக்கிற இடம், சாமி அங்கேதான் இருக்க வேண்டும் என்பாள். நான் குச்சியில் பஞ்சைச் சுற்றித் துடைப்பேன், அவள் மறுபடி வைப்பாள். நீ ஓரமாக நின்று பொரிகடலையைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பாய். நீயும் கடை வைத்துப் பூஜை போடுவாய், போட வேண்டும். பொட்டை முதுகுப் பக்கம் வை. நடு ஊசிக்கும் ஓரத் தகட்டுக்கும் நடுவில் ஈரச் சந்தனம் இருந்தால் மின்சாரம் அதன் வழியாகப் போகும், காய்ந்தால் தொடர்பு விட்டுவிடும். இரண்டும் உனக்கு ஆகாது.

இனி கேமரா கதை. ஃபிலிம் கேமராவில் ஃபிளாஷை மாட்டுகிற இடத்துக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். எத்தனை வோல்ட் வந்தாலும் தாங்கும். அதை நம்பிச் செய்தவை அந்தக் காலத்து ஃபிளாஷ்கள். படம் எடுக்கும்போது வெளிச்சத்தை விடு என்று கேமரா சொல்வதற்கு, அந்த நடு ஊசியில் சிலவற்றில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். டிஜிட்டல் கேமராவில் அந்த இடத்தில் இருப்பது பொடி எலெக்ட்ரானிக் ஸ்விட்ச். இதில் நம் ஆட்கள் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பழைய ஃபிளாஷை மாட்டி ஒருமுறை அடித்துப் பார்ப்பார்கள், பளீர் என்று அடிக்கும், பார்த்தாயா வேலை செய்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் மார்தட்டினேன். கடைக்கு முதல் டிஜிட்டல் கேமரா வந்ததும் பழைய ஃபிளாஷை மாட்டிக்கொண்டு ஒரு முகூர்த்த மாதம் முழுக்க ஓட்டினேன். சங்கராபுரத்தில் ஒரு மண்டபத்தில் தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் ஃபிளாஷ் தன்னால் அடிக்க ஆரம்பித்தது. நான் பொத்தானைத் தொடவில்லை, அது சார்ஜ் ஏற ஏற அடிக்கிறது. பிறகு அடிப்பதே நின்றது. அந்தக் கேமராவில் அதற்கப்புறம் எந்த ஃபிளாஷும் அடிக்கவில்லை. முதல் அடியில் போவதும் உண்டு, நூறாவது அடியில் போவதும் உண்டு. வேலை செய்கிறது என்பதற்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

அன்று நான் ஃபிளாஷைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா வீடியோக்காரனின் லைட் ஸ்டாண்டை அவனைக் கேட்காமலே இழுத்து மணவறைப் பக்கம் திருப்பிவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, நிதானமா கட்டு, வெளிச்சம் வரட்டும்" என்றாள். ஐயர் முறைத்தார். மேளக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை நிதானமாகத்தான் கட்டினான், படமும் வந்தது. வெளியில் வந்து நான் கேமரா விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவள் என் தட்டில் வடையை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கு. ஃபிளாஷில் புதுச் செல் போட்டு, கேமராவில் மாட்டாமல், ஆன் செய்து, சார்ஜ் ஏறியதைக் காட்டுகிற சின்ன விளக்கு எரிந்த பிறகும் கொஞ்சம் பொறு. மீட்டரை டிசியில் பெரிய அளவுக்குத் திருப்பி வைத்து, காய்ந்த கையோடு ஒரு முனையை நடு ஊசியிலும் மறு முனையை ஓரத் தகட்டிலும் வை. விரல் ஊசியைத் தொடக் கூடாது. வருகிற எண்தான் உன் கேமராவின் தலையில் உட்காரப் போகிற வோல்ட். கேமராப் புத்தகத்தில் எவ்வளவு தாங்கும் என்று போட்டிருந்தால் அதைக் கேள், போடவில்லை என்றால் ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் எதையும் மாட்டாதே. இந்த மாடல் பரவாயில்லை என்று எவனாவது சொன்னால் கேட்காதே. ஒரே பெயரில் வந்த இரண்டு ஃபிளாஷ் இரண்டு மாதிரிக் காட்டுவதை நானே பார்த்தேன். ஒவ்வொன்றையும் தனியாக அளந்து பார்.

வோல்ட் ஜாஸ்தியாக இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கேமராவில் நேராக மாட்டக் கூடாது, அவ்வளவுதான். ஒயர் போட்டு இணைத்தாலும் அதே வோல்ட்தான் போகும், அதில் ஏமாறாதே. வோல்ட்டைக் குறைக்கிற அடாப்டர் என்று தனியாக விற்கிறது. வெறும் அடாப்டர் வேறு, அது வேறு, கேட்டு வாங்கு. இல்லையென்றால் ஒயர் இல்லாமல் தூரத்திலிருந்து ஃபிளாஷை அடிக்க வைக்கிற ரேடியோ ட்ரிக்கர். அதிலும் ஃபிளாஷ் உட்காருகிற ரிசீவர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், கம்மி விலையில் வருவது பல நேரம் தாங்காது. எனக்குப் பிடித்தது கண் வைத்த சின்ன ஸ்லேவ். கேமராவில் உன் புது ஃபிளாஷ் அடிக்கும், அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தூரத்தில் பழையது அடிக்கும், நடுவில் மின்சாரத் தொடர்பே இல்லை. ஒன்று மட்டும், புது ஃபிளாஷை மேனுவலில் வை. ஆட்டோவில் வைத்தால் அது படத்துக்கு முன்னால் ஒரு சின்ன வெளிச்சம் விடும், பழையது அதையே பார்த்து அவசரப்பட்டு அடித்துவிடும். வருஷக் கணக்கில் தூங்கின ஃபிளாஷை எழுப்பினால் உடனே முழு வேலை வாங்காதே. செல் போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா சார்ஜில் விடு, பிறகு விட்டு விட்டுச் சில முறை அடித்துப் பார். கருகல் வாடை வந்தால், சூடு ஏறினால், உடம்பு உப்பினால் அணைத்துத் தள்ளி வைத்துவிடு. அதோடு அதன் காலம் முடிந்தது.

இங்கே மூன்று ஃபிளாஷ் இருக்கிறது. மூன்றையும் எழுப்பி அளந்து பார்த்துவிட்டேன். இரண்டு இருநூறைத் தாண்டுகிறது, அவற்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், அவை உன் கேமராவைத் தொடக் கூடாதவை. ஒன்று ஐந்துக்குள் இருக்கிறது, அதற்கு நூல் இல்லை. அம்மாவுடையது உனக்கு வராது. சிதறியதை டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோய், உள்ளே நின்றதை முறையாக இறக்கிக் கண்டன்சரைக் கழற்றச் சொன்னேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் கழித்தும் இதில் கொஞ்சம் மீதி இருக்கிறதே என்றார். நான் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு உன் கையில் அது முழுசாக இருந்தது.

பார்சலில் அனுப்ப மாட்டேன். நீ வந்து எடுத்துக்கொள். சேலம் வரை வந்துவிட்டால் அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ இருக்கிறது, சின்னசேலத்தில் இறங்கிப் போன் செய், வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். என் மேல் கோபம் தீராவிட்டால் பரவாயில்லை, கோபத்தோடு வா. உன்னை அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், இன்னொரு முறை அப்படி ஒன்றை உன் ஈரக் கையில் பார்த்தாலும் அடிப்பேன். அவள் படம் இல்லாமல் போனதற்கு மட்டும் எனக்கு ஆறவில்லை. சில நேரம் அவள் முகம் சரியாக வராமல் அந்தப் பேனர் முகம் வருகிறது. உனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அதைக் கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

வந்ததும் கேமராவை எடு. பழைய ஃபிளாஷை ஓரத்தில் வைத்து, புதியதை மேலே பார்த்துத் திருப்பிக் கூரையில் அடித்து, என்னைப் பொறுமையாக எடு. நன்றாக வரவில்லை என்றால் மறுபடி எடு, நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் ஒரு நாள் வாசலில் நாற்காலி போடுவார்கள். அன்றைக்கு நீ தண்ணீர் சுமந்து வந்து கேமராவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஈரத்தோடு என் பக்கத்தில் நில். அன்று அம்மா பக்கத்தில் நின்று அழ முடியாமல் போனதையும் சேர்த்து அழுதுவிடு.

அப்பா